மறதிக்கு என்ன செய்வது? எங்கே கோட்டை விடுகிறோம் என்று முதலில் பாருங்கள்

"எனக்கு ஞாபக சக்தியே கிடையாது" என்று சொல்கிறவரிடம், எதை மறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சாவியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்பார். இன்னொருவர் விழுந்து விழுந்து படித்தேன், தேர்வில் ஒன்றும் வரவில்லை என்பார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அறிமுகமானவரின் பெயர் போய்விட்டது என்று ஒருவர், இரவு மாத்திரை போட மறந்துவிட்டேன் என்று ஒருவர். நான்கையும் மறதி என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டு, நினைவாற்றலை மொத்தமாகக் கூட்டிவிட ஏதாவது ஆப் இருக்கிறதா, ஏதாவது டானிக் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த நான்கும் நான்கு வேறு கோளாறுகள். ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்கு உதவாது.

ஒரு விஷயம் நினைவில் இருக்கிறது என்றால், அது உள்ளே போயிருக்க வேண்டும், போனது தங்கியிருக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் வெளியேயும் வர வேண்டும். இதில் எது கெட்டது என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. மறந்துபோனதை யாராவது எடுத்துக் கொடுத்தால், அல்லது நான்கு விடைகளைக் காட்டி எது என்று கேட்டால், "அட, இதுதானே" என்று உடனே பிடிபடுகிறதா? அப்படியானால் சரக்கு உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் வரவில்லை. விடையைக் காட்டிய பிறகும் முதல் தடவை பார்ப்பது போலவே இருந்தால், ஒன்று அது உள்ளே போகவே இல்லை, அல்லது போய்க் கரைந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாவி, கண்ணாடி, பெயர்

வீட்டில் அதிகம் திட்டு வாங்கித் தருவது இந்த வகை மறதிதான், ஆனால் இதில் பெரும்பாலும் மறப்பதற்கே ஒன்றும் இருப்பதில்லை. போனில் பேசிக்கொண்டே உள்ளே வருகிறீர்கள், கை தன் பாட்டுக்குச் சாவியை எங்கோ வைக்கிறது, மனசு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. அந்தக் கணம் பதியவே இல்லை, அப்புறம் எதைத் தேடி எடுப்பது?

நாம் ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ள முடிவது மிகக் கொஞ்சம். ஏறக்குறைய ஏழு விஷயங்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதினார். மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது, சேர்த்துக் கோத்துக்கொள்வது போன்ற உத்திகளைக் கழித்துவிட்டால் நான்குதான் தேறும் என்று 2001ல் நெல்சன் கோவன் அதையும் குறைத்தார். அந்தக் கொஞ்சமும் நிற்காது. 1959ல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் இருவரும் செய்த சோதனையில் மூன்றே எழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 விநாடி கழித்து அந்த எழுத்துகளைக் கேட்டபோது பத்துக்கு ஒரு தடவைதான் சரியாக வந்தது. ஓடிபியைப் பார்த்துவிட்டுத் தட்டுவதற்குள் யாராவது கூப்பிட்டால் ஆறு இலக்கமும் காணாமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

தினமும் பார்த்தால் தானாகப் பதிந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். 1979ல் ரேமண்ட் நிக்கர்சனும் மேரிலின் ஆடம்ஸும் அமெரிக்கர்களிடம் அவர்கள் நாட்டு ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து கையில் புரளும் காசுதான், ஆனாலும் அதில் இருக்கும் முக்கியமான அம்சங்களில் பாதிகூடப் பலருக்குத் தேறவில்லை, தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே குழம்பினார்கள். காசைச் செலவழிக்க அது தெரிய வேண்டியதில்லை, அதனால் மூளை அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே சாவி விஷயத்தில் ஞாபகத்தை வளர்க்க முயலாதீர்கள், சாவிக்கு ஓர் இடம் கொடுங்கள். ஒரே இடம், எப்போதும். கண்ணாடி, பர்ஸ், சார்ஜர் எல்லாவற்றுக்கும் இதுவே போதும், இதைவிடப் பெரிய உத்தி எதுவும் இல்லை. நிரந்தர இடம் கொடுக்க முடியாததை வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ரசீது நீலப் பையின் பின் ஜிப்பில்." பைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த இரண்டு விநாடி உங்கள் கவனம் கையோடு இருக்கிறது, தேவைப்பட்டதும் அதுதான்.

கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம் கொஞ்சம் வேறு. அங்கே பதிவு இருக்கும், நேற்றுப் பூட்டியது, முந்தாநாள் பூட்டியது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் இன்றையது எது என்றுதான் தெரியாது. அதற்கு, பூட்டும்போது இன்றைக்கு மட்டுமே உரியதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "செவ்வாய், பூட்டியாச்சு" என்று கிழமையோடு சொல்லிக்கொள்வதே போதும். தெருமுனையில் சந்தேகம் வரும்போது செவ்வாய் என்று சொன்னது காதில் வந்து நிற்கும்.

பெயர்கள் இன்னும் கஷ்டம், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு சோதனையில், முகத்தைக் காட்டி, பேக்கர் (ரொட்டி சுடுபவர்) போன்ற ஒரே ஆங்கிலச் சொல்லைச் சிலமுறை தொழிலாகவும் சிலமுறை பெயராகவும் சொல்லிக்கொடுத்தார்கள். ரொட்டி சுடுபவர் என்று கேட்டவர்களுக்கு நினைவு வந்தது, பேக்கர் என்பது இவர் பெயர் என்று கேட்டவர்களுக்கு அந்த அளவுக்கு வரவில்லை. தொழில் என்றால் வெப்பம், மாவு, வாசனை என்று பிடித்துக்கொள்ள நாலு கிளை இருக்கிறது. பெயருக்கு ஒன்றும் இல்லை, அது வெறும் ஒலி. அதனால் பெயரைக் கேட்டதும் கிளையை நீங்கள்தான் ஒட்ட வேண்டும். அதே பெயரில் உங்களுக்குத் தெரிந்த இன்னொருவரை இவர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பேச்சில் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். விடைபெற்றுக் கொஞ்ச நேரம் கழித்து, இவர் பெயர் என்ன என்று உங்களையே கேளுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், வேலை செய்வதும் அதுதான். உண்மையில் பாதிப் பேர் பெயரை மறப்பதில்லை, அடுத்து நாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு அதைக் கேட்பதே இல்லை.

போனது ஏன் தங்கவில்லை

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனை எலியாக வைத்துக்கொண்டு, அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் வெளியிட்டார். எத்தனை வரிகள் நினைவிருக்கின்றன என்று அவர் எண்ணவில்லை. மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதம் ஆனால் 21. அதாவது இழப்பில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது, அப்புறம் மெல்ல மெல்லத்தான் குறைகிறது. அந்த 21 சதவீதத்தைப் பாருங்கள்: ஒரு வரிகூட நினைவில்லை என்று தோன்றும் நிலையிலும் மூளையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது தடவை சீக்கிரம் ஏறுகிறது. 2015ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய இதே கோடுதான் கிடைத்தது.

இந்தச் சதவீதங்களை அப்படியே எடுத்து "நாம் படிப்பதில் 66 சதவீதம் ஒரே நாளில் போய்விடுகிறது" என்று பல இடங்களில் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். அவர் படித்தது அர்த்தமில்லாத அசைகள். அர்த்தம் புரிந்து, ஏற்கெனவே தெரிந்ததோடு பொருந்தும் விஷயம் அதைவிட மெதுவாகத்தான் கரையும்.

மூளைக்குள் இது எங்கே நடக்கிறது என்பதற்கு ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர் கதை முக்கியம். வலிப்பு நோய்க்காக 1953ல் அவருடைய மூளையின் இருபக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற, புது நினைவுகளைப் பதிக்கும் பகுதியில் கணிசமான அளவை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008ல் இறக்கும் வரை புதிதாகக் கிட்டத்தட்ட எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. சிறுவயது விஷயங்கள் நினைவில் இருந்தன, பேச்சும் அறிவும் கெடவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேர்ந்துகொண்டே வந்தது, ஆனால் இதை முன்பு செய்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. கைப்பழக்கம் ஒரு வழியில் சேமிக்கப்படுகிறது, சம்பவமும் தகவலும் இன்னொரு வழியில், பழைய நினைவுகள் தங்குமிடம் புதியவை நுழையும் வாசலிலிருந்து வேறு. சைக்கிள் மறப்பதில்லை, பாடம் மறந்துபோகிறது என்றால் இரண்டும் வேறு வேறு பாதை.

தங்க வைப்பதற்கு நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது தூக்கம். படித்தபின் தூங்கினால், அதே நேரம் விழித்திருப்பதைவிடக் குறைவாகவே மறக்கிறது என்று ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924லேயே காட்டிவிட்டார்கள். தூக்கத்தில் மூளை அன்றைய பதிவுகளைத் திரும்ப ஓட்டி உறுதிப்படுத்துகிறது. தேர்வுக்கு முந்தின இரவு கண்விழித்துப் படிப்பது, அன்றுவரை படித்ததையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

இரண்டாவது இடைவெளி. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அதே ஐந்து மணி நேரத்தை ஐந்து நாளில் பிரித்தால் அதிகம் நிற்கும். எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், 2008ல் நிக்கோலஸ் செபீடாவும் சகாக்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்துச் சொன்னதிலிருந்து ஒரு கைக்கணக்கு எடுத்துக்கொள்ளலாம்: ஒரு வாரம் நினைவில் இருக்க வேண்டும் என்றால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு வருஷம் என்றால் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு. அடுத்த வாரம் தேர்வு என்றால் ஒரு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஒரு வருஷம் நிற்க வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம் விடலாம். பாதி மறந்த நிலையில் திரும்பிப் போவது எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும், அந்த எரிச்சலில்தான் வேலை நடக்கிறது.

புத்தகத்தை மூடுங்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பது நம்மை ஏமாற்றும். இரண்டாவது தடவை படிக்கும்போது வரிகள் பழக்கமாக இருக்கும், பழக்கமாக இருப்பதால் தெரிந்துவிட்டது என்று தோன்றும். கரையில் நின்று அடுத்தவர் நீந்துவதைப் பார்த்துவிட்டு நீச்சல் வந்துவிட்டது என்று நினைப்பது போலத்தான் அது. தேர்வில் கேட்பது பார்த்து அடையாளம் காணும் திறமையை அல்ல, வெற்றுத் தாளில் வரவழைக்கும் திறமையை. பழகாததை அன்றைக்குக் கேட்டால் எப்படி வரும்?

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006ல் மாணவர்களை இரண்டு பத்திகளைப் படிக்க வைத்தார்கள். பிறகு ஒன்றை மறுபடி படிக்கச் சொன்னார்கள், இன்னொன்றைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததுதான் முன்னால் நின்றது, 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: மறுபடி படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. படித்த அன்றைக்கே தெம்பாக இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

சரி, எப்படிச் செய்வது? இதயத்தில் ரத்தம் ஓடும் பாதையை எடுத்துக்கொள்வோம். பாடத்தை ஒரு தடவை நிதானமாக, புரிந்துகொண்டு படியுங்கள். மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள்: உடலிலிருந்து வரும் ரத்தம் வலது மேலறை, வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல், திரும்பி இடது மேலறை, இடது கீழறை, பெருந்தமனி. இதுவரை வந்துவிடும். வால்வுகளில் மாட்டிக்கொள்வீர்கள். மூவிதழ் வால்வு வலப்பக்கமா இடப்பக்கமா? உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடம் திணறுங்கள், தப்பானாலும் ஒரு விடையை எழுதி வையுங்கள். அப்புறம் திறந்து பாருங்கள்: மூவிதழ் வலது, ஈரிதழ் இடது. தப்பை வேறு மையில் திருத்துங்கள். திணறிவிட்டுப் பார்த்த விடை சும்மா பார்த்த விடையைவிட ஆழமாக இறங்கும், ஆனால் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் தப்பே ஊறிவிடும்.

மறுநாள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே மறுபடி வெற்றுத் தாள். முழுசாக வந்தால் அடுத்தது மூன்று நான்கு நாள் கழித்து, அப்புறம் பத்து நாள். எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அதை மட்டும் ஓர் அட்டையில் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள், பின்புறம் விடை. அட்டைகள் சேர்ந்துவிட்டால் செபாஸ்டியன் லைட்னர் 1972ல் சொன்ன பெட்டி முறை வசதி: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பும், பின்னால் இருக்கும் பெட்டிகளை எப்போதாவதுதான் திறப்பீர்கள். அங்கி (Anki) போன்ற ஆப்கள் இதே மாதிரியான கணக்கைத் தாமாகப் போடுகின்றன. மற்றவர் செய்த அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட நீங்களே எழுதுவது நல்லது, எழுதும்போதே பாதி ஏறிவிடும்.

ஹைலைட்டர் பற்றி ஒரு வார்த்தை. 2013ல் ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரம் பிரித்தபோது, கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் கீழே விழுந்தன, சுயசோதனையும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. மஞ்சள் பூசிய பக்கம் அழகாகத்தான் இருக்கும்.

வீட்டை மனத்தில் கற்பனை செய்து ஒவ்வோர் அறையிலும் ஒரு சொல்லை வைக்கும் பழைய கிரேக்க உத்தியும் உண்டு. நினைவுப் போட்டிகளில் ஜெயிப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் மூளையின் அமைப்பில் தனி விசேஷம் எதுவும் இல்லை என்று 2003ல் எலினார் மக்வையர் ஆராய்ந்து சொன்னார். வரிசையாக ஒரு பட்டியல், மேடைப் பேச்சின் குறிப்புகள், இதற்கெல்லாம் அருமையான முறை. ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ள இது உதவாது.

நாக்கு நுனியில் நிற்கும்போது

தெரிந்த பெயர், வாய்வரை வந்துவிட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது. 1966ல் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டபோது முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பல தடவை சரியாகச் சொன்னார்கள். அதனால் எழுத்து எழுத்தாக ஓட்டிப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அல்லது தேடிப் பார்த்துவிடுங்கள். 2008ல் செய்த ஒரு சோதனையில், 10 விநாடி தவித்தவர்களைவிட 30 விநாடி தவித்தவர்கள் இரண்டு நாள் கழித்து அதே சொல்லில் மறுபடி மாட்டிக்கொள்வது அதிகமாக இருந்தது. தவிப்பே பழகிவிடுகிறது. முன்னால் சொன்ன திணறலுக்கு இது முரணாகத் தெரியலாம், அதனால்தான் அங்கே ஒரு நிமிடம் போதும், பிறகு விடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். விடை கிடைத்ததும் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுங்கள்.

ஓர் அறைக்குள் வந்து எதற்கு வந்தோம் என்று விழிப்பதற்குப் பரிகாரம் இன்னும் சுலபம்: கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போங்கள். அங்கே கண்ணில் பட்ட எதுவோதான் அந்த எண்ணத்தைக் கிளப்பியது.

செய்ய வேண்டியதை மறப்பது

மாத்திரை, போன் செய்வதாகச் சொன்னது, கடிதத்தைத் தபாலில் போடுவது. இங்கே தகவல் மறக்கவில்லை, கேட்டால் உடனே சொல்வீர்கள். சரியான நேரத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். "மறக்காமல் செய்ய வேண்டும்" என்று உறுதி எடுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. எது நடந்ததும் எதைச் செய்வேன் என்று கோத்துக்கொள்வதில்தான் பலன், பீட்டர் கோல்விட்சர் என்பவர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார். "இரவு மாத்திரை போடுவேன்" என்று வைத்துக்கொள்ளாமல் "பல் தேய்த்த பிரஷைக் கீழே வைத்ததும் மாத்திரை" என்று வையுங்கள், மாத்திரையையும் பிரஷுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். தபாலில் போட வேண்டிய கடிதம் செருப்புக்கு மேல் இருக்கட்டும். அலாரம் வைத்தால் அதை அணைத்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், செய்து முடித்த பிறகே அணைப்பது என்று கட்டுப்பாடு வேண்டும்.

மாத்திரை போட்டோமா இல்லையா என்ற குழப்பத்துக்குக் கிழமை போட்ட டப்பா வாங்கிவிடுங்கள். சந்தேகத்தில் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வது சில மருந்துகளில் ஆபத்து. ஆயிரம் தடவை விமானம் ஓட்டிய விமானிகளே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள், நமக்கு எழுதி வைப்பதில் என்ன வெட்கம்?

தெளிவாக இருந்தாலும் தப்பாக இருக்கலாம்

நினைவு ஒவ்வொரு தடவையும் துண்டுகளிலிருந்து புதிதாகக் கட்டப்படுகிறது, இடையில் கேட்டதெல்லாம் அதில் கலந்துவிடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974ல் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும் சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. பார்த்தேன் என்றவர்கள் முதல் குழுவில் 14 சதவீதம், இரண்டாவதில் 32. ஆகவே பின்னால் தகராறு வரக்கூடிய எதையும், பணம் கொடுத்தது, பேசி முடித்தது, விபத்தில் கண்டது, அடுத்தவரோடு பேசிப் பார்ப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள், தேதியோடு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

சாவியைத் தேடுவது சகஜம். பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைச் சிறிது நேரத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்பது, பல வருஷமாகச் செய்துவந்த வேலையின் படிகள் குழம்புவது, இவையெல்லாம் சகஜம் இல்லை. மறதி என்றாலே டிமென்ஷியா என்ற மறதி நோய்தான் என்று பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, சில தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் இவற்றாலும் ஞாபகம் கெடும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். திடீரென்று, சில மணி நேரத்தில் குழப்பம் வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி போகும்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், என்னென்ன மறந்தது என்பதைத் தேதியோடு எழுதிய குறிப்பையும் எடுத்துக்கொண்டு, கூடவே இருந்து பார்க்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.